எட்மண்ட் ரஃபின்: சுண்ணாம்பு மண்ணும் அடிமைப் பண்ணையும்

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி இணையத்தில் எதைத் தேடினாலும் ஒரு கிழவரின் புகைப்படம் கண்ணில் படும். தோளில் விழும் வெள்ளை முடி, இறுக மூடிய உதடு, நிமிர்த்திப் பிடித்த துப்பாக்கி. அந்தப் போரைத் தொடங்கிவைத்த தாக்குதலில் சம்டர் கோட்டையின் மீது முதல் குண்டைச் சுட்டவர் என்று கீழே எழுதியிருப்பார்கள். அவர்தான் எட்மண்ட் ரஃபின். வேளாண்மை வரலாற்றைப் புரட்டினால் அதே பெயர் வேறு மரியாதையோடு வரும். அங்கே அவர் அமெரிக்க மண் வேதியியலின் முன்னோடி. தெற்கு மாநிலங்களின் செத்த நிலங்களுக்கு உயிர் கொடுத்த விவசாயி.

இந்த இரண்டு பேரையும் தனித்தனியாக வைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. நல்ல விஞ்ஞானி, கடைசிக் காலத்தில் அரசியல் வெறி பிடித்துக் கெட்டுப்போனார் என்பதுபோல. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ரஃபினின் மண் ஆராய்ச்சி தொடங்கிய இடமும், நடந்த விதமும், போய்ச் சேர நினைத்த ஊரும் அடிமை முறைதான். பண்ணையிலிருந்து தொடங்கினால் இது விளங்கும்.

1794-இல் வர்ஜீனியாவின் பிரின்ஸ் ஜார்ஜ் கவுண்டியில், ஜேம்ஸ் ஆற்றங்கரையில் பல தலைமுறையாகப் பண்ணை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தார். வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் கொஞ்ச காலம் இருந்தார், படிப்பை முடிக்கவில்லை. 1810-இல் அப்பா இறந்தார். பிரிட்டனுடன் நடந்த 1812-ஆம் ஆண்டுப் போரில் சிப்பாயாகச் சேர்ந்தார், சண்டையைப் பார்க்காமலே திரும்பினார். 1813-இல், 19 வயதில், காகின்ஸ் பாயிண்ட் என்ற பண்ணை அவர் கைக்கு வந்தது. நிலத்தோடு அடிமைகளும் வந்தார்கள். அந்த ஊர் வழக்கத்தில் நிலம், மாடு, ஏர், மனிதர் எல்லாம் ஒரே சொத்துப் பட்டியலில் இருந்தன.

வந்த நிலம் செத்த நிலம். கடலோர வர்ஜீனியாவில் இருநூறு ஆண்டுகளாகப் புகையிலை, அப்புறம் மக்காச்சோளம், அப்புறம் கோதுமை என்று மண்ணை உறிஞ்சியிருந்தார்கள். ஒரு வயல் ஓய்ந்தால் அதைக் கைவிட்டுக் காட்டை வெட்டிப் புதுவயல் போடுவது பழக்கம். வெட்டக் காடு மிச்சமில்லாமல் போன காலத்தில்தான் ரஃபின் பண்ணைக்காரர் ஆனார். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் அடிமைகளையும் கூட்டிக்கொண்டு அலபாமா, மிசிசிப்பி என்று மேற்கே கிளம்பிக்கொண்டிருந்தன. அவரும் விற்றுவிட்டுப் போகத்தான் நினைத்தார். அந்த நிலத்தை வாங்க யாரும் வரவில்லை.

அக்காலத்தில் தெற்கத்தி விவசாயிகள் பெரிதும் நம்பியது கரோலைன் கவுண்டியின் ஜான் டெய்லர் சொன்ன முறைகளை. ஆழ உழு, வயலில் மாட்டை மேயவிடாதே, தழையையும் சாணத்தையும் மண்ணுக்கே திருப்பிக் கொடு. ரஃபின் சில ஆண்டுகள் அப்படியே செய்து பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. மேட்டு நிலத்தில் போட்ட எரு போன இடம் தெரியவில்லை. ஆழ உழுததில் இருந்த மேல்மண்ணும் கெட்டது.

அந்த நேரத்தில்தான் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் வேளாண் வேதியியல் நூல் அவருக்குக் கிடைத்தது. லண்டனில் டேவி நிகழ்த்திய சொற்பொழிவுகளின் தொகுப்பு, 1813-இல் வெளிவந்தது. இரும்பின் அமில உப்பு கலந்து மலடாகிப்போன ஒரு மண்ணைச் சுண்ணாம்பு போட்டுச் சரிசெய்யலாம் என்று அதில் ஓரிடத்தில் வருகிறது. ரஃபின் அங்கே நின்றார். தன் மண்ணில் அந்த இரும்பு உப்பு இல்லை. ஆனால் அமிலம் வேறு வகையில், மட்கும் தாவரங்களிலிருந்தே வந்திருந்தால்?

அமிலத்தை நேரடியாகக் காட்ட அவரிடம் வழி இல்லை. மண்ணின் புளிப்பை அளக்க இன்று நாம் சொல்லும் பிஎச் அளவுகோலே 1909-இல்தான் வந்தது. ஆகவே அவர் செடிகளைப் பார்த்தார். ஓய்ந்த வயல்களில் பைன் கன்றும், புளிப்பான இலை கொண்ட சாரல் என்ற களையும் மண்டிக் கிடந்தன. பழைய கிளிஞ்சல்கள் கலந்த சில துண்டு நிலங்களில் அவை இரண்டும் தலைகாட்டவே இல்லை, பயிரோ நன்றாக வந்தது. மண் மாதிரிகளில் அமிலத்தை விட்டு, சுண்ணாம்பு இருந்தால் எழ வேண்டிய வாயு எழுகிறதா என்று பார்த்தார். பெரும்பாலான மாதிரிகளில் எழவில்லை. வேதியியல் படிக்காத, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு விவசாயி தன் வயல் களையை வைத்து இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது பெரிய காரியம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

மருந்தும் அவர் காலடியிலேயே இருந்தது. வர்ஜீனியாவின் கடலோரப் பகுதி ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்தது. அப்போது படிந்த சிப்பிகள், கிளிஞ்சல்கள் எல்லாம் நொறுங்கிக் களியோடும் மணலோடும் கலந்து, தரைக்குக் கீழே திட்டுத் திட்டாகத் தங்கிவிட்டன. இந்தச் சுண்ணாம்புக் களிக்கு மார்ல் என்று பெயர். 1818 பிப்ரவரியில் பண்ணையின் தாழ்ந்த பகுதியில் குழி வெட்டி, வண்டி வண்டியாக மார்லை மேட்டுக்கு ஏற்றி, புதிதாகத் திருத்திய சில ஏக்கர் மோசமான நிலத்தில் பரப்பினார்கள். பிறகு மக்காச்சோளம் விதைத்தார்கள். மார்ல் போட்ட பகுதியில் பயிர் முளையிலிருந்தே வேறு நிறத்தில் இருந்தது. விளைச்சல் பக்கத்துத் துண்டைவிடச் சுமார் 40 சதவீதம் கூடுதல்.

ஏன் இப்படி? அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேரைச் சுடும். பாஸ்பரஸ் மண்ணிலேயே பூட்டிக்கொள்ளும். பயறு வகைகளின் வேர் முடிச்சில் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியா சுணங்கும். சுண்ணாம்பு இந்தப் பூட்டுகளைத் திறக்கிறது. இந்த விவரங்கள் எதுவும் ரஃபினுக்குத் தெரியாது. ஆனாலும் மார்ல் பயிருக்கு நேரடி உணவு இல்லை, எரு தங்குவதற்கு மண்ணைத் தயார் செய்யும் பொருள் என்று அவர் எழுதியது சரியான கணிப்பு. அளவுக்கு மீறிப் போட்டால் பயிர் நோகும் என்பதையும் தன் வயலில் பட்டுத் தெரிந்துகொண்டு, மறைக்காமல் எழுதினார். மார்லோடு காராமணியையும் மாற்றுப் பயிராக வைக்கச் சொன்னார். காராமணி மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களின் வழியாக அமெரிக்கா வந்த பயிர். வர்ஜீனியாவின் மண்ணை மீட்கும் திட்டத்தில் அதுவும் ஓர் அங்கமானது.

1818 அக்டோபரில் உள்ளூர் விவசாயச் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். 1821-இல் அது ஒரு விவசாய இதழில் வந்தது. 1832-இல் சுண்ணாம்பு எருக்கள் பற்றிய அவருடைய நூல் வெளியாகி, அடுத்த இருபது ஆண்டுகளில் ஐந்து பதிப்புகள் கண்டது.

சரி, அந்தப் பிப்ரவரியில் குழியில் இறங்கியது யார்?

ஒரு ஏக்கருக்கு 200 முதல் 300 புஷல் மார்ல் தேவைப்படும். ஒரு புஷல் என்பது சுமார் 35 லிட்டர் கொள்ளளவு. ஈரக் களியின் எடையைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஏக்கருக்குப் பத்து டன்னுக்குக் குறையாது. முதலில் மார்லுக்கு மேலே கிடக்கும் மண்ணை வெட்டி அகற்ற வேண்டும். அப்புறம் ஊற்றுத் தண்ணீர் கசியும் குழிக்குள் நின்று களியை வெட்டி, மண்வெட்டியால் வண்டியில் எறிய வேண்டும். வண்டியை ஏற்றத்தில் இழுத்துக்கொண்டுபோய்க் கொட்டி, குவியலை வயல் முழுக்கச் சீராகப் பரப்ப வேண்டும். பயிர் வேலை குறைந்திருக்கும் குளிர்காலம்தான் இதற்குத் தோது. அதாவது அடிமைகளுக்குக் கொஞ்சமாவது மூச்சுவிட இருந்த பருவம் மார்ல் குழிக்குப் போனது. நூற்றுக்கணக்கான ஏக்கர், ஆண்டுக்கு ஆண்டு.

ரஃபினின் நூலில் இதற்கான செலவுக் கணக்கு உண்டு. மேல்மண் எவ்வளவு ஆழம், ஒரு வண்டி எத்தனை புஷல் கொள்ளும், வயல் எவ்வளவு தூரம், எத்தனை ஆள் நாள், எத்தனை கழுதை நாள் என்று நுணுக்கமாகப் போட்டிருப்பார். ஓர் அடிமையின் ஆண்டு வாடகை, சாப்பாடு, துணி எல்லாம் அந்தக் கணக்கில் காசாக வரும். சிப்பி வகைகளுக்கு அந்த நூலில் பெயர் இருக்கிறது. சிப்பியை வெட்டி எடுத்தவர்களுக்குப் பெயர் இல்லை. அமெரிக்க மண்ணியலின் தொடக்கம் என்று போற்றப்படும் அந்தச் சோதனையைக் கையால் செய்து காட்டியவர்கள் அவர்கள்தான். பயிர் நிறம் மாறியதை முதலில் கண்டவர்களும் தினம் அந்த வயலில் நின்ற அவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த மார்லை வைத்து ரஃபின் சாதிக்க நினைத்தது என்ன என்பதைப் புரிந்துகொள்ள, அந்தக் காலத்து அடிமை வணிகத்தைப் பார்க்க வேண்டும். 1808-இல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வது தடைசெய்யப்பட்டது. அதே காலத்தில் அலபாமா, மிசிசிப்பி போன்ற ஆழ்ந்த தெற்கு மாநிலங்களில் பருத்தி பெருகியது. விளைவு, வர்ஜீனியாவும் மேரிலாந்தும் மனிதர்களை விற்கும் மாநிலங்களாயின. 1790-க்கும் 1860-க்கும் இடையில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர், வியாபாரிகள் கையிலும் இடம்பெயர்ந்த எஜமானர்களோடும், இப்படிப்பட்ட மேல் தெற்கு மாநிலங்களிலிருந்து அந்த ஆழ்ந்த தெற்குக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். நிலம் விளையாத பண்ணைக்காரருக்குக் கடனை அடைக்கக் கையில் இருந்த ரொக்கம் இவர்கள்தான்.

ரஃபினை இது உறுத்தியது, ஆனால் வேறு காரணத்துக்காக. வர்ஜீனியா ஆளை இழக்கிறது. ஆள் குறைந்தால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் இடம் குறையும். அரசியல் சட்டத்தின்படி ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணி மாநிலத்தின் பிரதிநிதித்துவம் கணக்கிடப்பட்டதால், மேற்கே போகும் ஒவ்வோர் அடிமையோடும் மாநிலத்தின் பலமும் போயிற்று. நிலம் விளைந்தால் எஜமானர் ஊரில் இருப்பார், அடிமையும் இருப்பார், வர்ஜீனியா பழைய செல்வாக்கோடு நிற்கும். அவர் மண்ணை மீட்டது அந்தச் சமூகத்தை அப்படியே நிறுத்திவைக்கத்தான். இளம் வயதில், அவர் தலைமுறை வர்ஜீனியர் பலரைப் போல, அடிமை முறை ஒரு தீமை, என்றாவது ஒழிய வேண்டியது என்ற எண்ணம் அவருக்கும் இருந்தது. நிலம் விளைய விளைய அந்த எண்ணம் தேய்ந்தது.

1820-களில் சில ஆண்டுகள் மாநில செனட்டில் இருந்தார். ஓட்டுக்காகக் குழைந்து பேசுவது அவருக்கு ஒத்துவரவில்லை, விலகிவிட்டார். 1833-இல் விவசாயிகளுக்கான மாத இதழ் ஒன்றைத் தொடங்கிப் பத்தாண்டு நடத்தினார். பெரும்பகுதியைத் தானே எழுதினார். மார்ல், வடிகால், வேலி, பயிர்ச் சுழற்சி, ஆலைக் குட்டைகளால் பரவும் காய்ச்சல் என்று அதில் இல்லாத விஷயம் கிடையாது. கடைசியில் வங்கிகளின் காகிதப் பணத்தை எதிர்த்து அதிலேயே போர் தொடுத்ததில் வாசகர்கள் கழன்றுகொண்டார்கள். 1842-இல் இதழ் நின்றது.

அடுத்து தெற்கு கரோலினா அழைத்தது. அங்கே ஆளுநராக இருந்த ஜேம்ஸ் ஹென்றி ஹாமண்டும் பெரிய அடிமைப் பண்ணைக்காரர். 1858-இல் செனட்டில் 'பருத்தியே அரசன்' என்று முழங்கியவர். 1843-இல் ரஃபின் அந்த மாநிலம் முழுக்கச் சுற்றி மார்ல் படிவங்களைக் கணக்கெடுத்து அறிக்கை கொடுத்தார். ஹாமண்ட் சவானா ஆற்றில் படகு விட்டுத் தன் பண்ணைக்கு மார்ல் ஏற்றினார். இருவருக்கும் இடையே கடைசிவரை கடிதப் போக்குவரத்து இருந்தது, மண்ணைப் பற்றியும், தெற்கு மாநிலங்கள் தனிநாடாகப் பிரிவதைப் பற்றியும்.

திரும்பி வந்த ரஃபின் ஹேனோவர் கவுண்டியில், பமங்கி ஆற்றோரம், ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர் பண்ணை ஒன்றை வாங்கினார். அதற்கு மார்ல்போர்ன் என்றே பெயர் வைத்தார். சதுப்பில் மூடிய வடிகால்களை வெட்டவைத்து, மார்ல் போட்டு, சில ஆண்டுகளிலேயே கோதுமை விளைச்சலை உயர்த்திக் காட்டினார். 1852-இல் மாநில விவசாயச் சங்கத்தின் தலைவரானார். நல்ல விலைக்கு விற்ற கோதுமை அவரைப் பணக்காரராக்கியது.

ஆனால் அவர் எதிர்பார்த்த அளவுக்கு மார்ல் தெற்கு முழுக்கப் பரவவில்லை. மார்ல் கிடைத்தது கடலோரத்தில் மட்டும். அத்தனை கனமான பொருளை உள்நாட்டுக்கு ஏற்றிப்போகக் கட்டுப்படியாகாது. இதெல்லாம் காரணம்தான். ஆனால் முக்கியமான தடை அடிமை முறைக்குள்ளேயே இருந்தது என்பது என் எண்ணம். நிலம் ஓய்ந்தால் ஐந்தாறு ஆண்டு குழி வெட்டி அதை மீட்பதைவிட, இரண்டு பேரை வர்ஜீனியாவின் தலைநகரான ரிச்மண்டில் அடிமை ஏலத்தில் விற்பது எஜமானருக்குச் சுலபம். இல்லாவிட்டால் எல்லாரையும் நடத்திக்கொண்டு மேற்கே போய்ப் புது நிலத்தை உழலாம். நடமாடும் சொத்து கையில் இருக்கும்போது அசையாத சொத்தின் மேல் யாருக்கு அக்கறை வரும்? வேலை செய்கிறவருக்கோ விளைச்சலில் பங்கு கிடையாது. வடிகால் அடைத்தாலும் வண்டி கவிழ்ந்தாலும் அவருக்கு நட்டம் ஏதும் இல்லை. கண்காணிகளின் அலட்சியத்தைப் பற்றியும் வேலையின் ஒழுங்கின்மையைப் பற்றியும் அந்தக்கால விவசாய இதழ்கள் ஓயாமல் புலம்பின. காரணம் எது என்று எழுத அவற்றால் முடியவில்லை.

1850-களில் ரஃபின் சொந்த வாழ்க்கையில் பெரிய அடிகள் பட்டார். மனைவி சூசன் 1846-இலேயே இறந்திருந்தார். 1855 என்ற ஒரே ஆண்டில் மகள்கள் மூவரைப் பறிகொடுத்தார். சொத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு விவசாயத்திலிருந்து ஒதுங்கினார். அதன் பிறகு முழுநேரமும் எழுத்துதான். அடிமை முறை தீமை என்று நினைத்த இளைஞர், அது இல்லாமல் நாகரிகமே இல்லை என்று துண்டுப் பிரசுரங்களை எழுதும் முதியவராக ஆகியிருந்தார். கூலித் தொழிலாளி பசிக்கு அடிமை, கறுப்பின அடிமையோ கவலையற்றவர் என்பது அவர் வாதம். 1856-இல் தொடங்கிய நாட்குறிப்பை உயிருள்ளவரை எழுதினார்.

1859 அக்டோபரில், அடிமை முறையை ஒழிக்கப் போராடிய ஜான் பிரவுன் வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக்கிடங்கைத் தாக்கினார், அடிமைகள் கையில் ஈட்டியைக் கொடுத்துக் கிளர்ச்சியைத் தொடங்கும் நோக்கத்தோடு. டிசம்பர் 2-இல் அவரைத் தூக்கிலிட்டபோது பொதுமக்களை அருகில் விடவில்லை. 65 வயது ரஃபின் ராணுவக் கல்லூரி மாணவர்களின் அணியில் ஒரு நாளைக்குச் சேர்ந்து, சீருடை போட்டு நின்று பார்த்தார். பிரவுனிடமிருந்து பிடிபட்ட ஈட்டிகளில் சிலவற்றை வாங்கி, 'வடக்கத்திச் சகோதரர்கள் நமக்காக வைத்திருந்த உபகாரத்தின் மாதிரி' என்ற பொருளில் சீட்டு ஒட்டி, அடிமை மாநில ஆளுநர்களுக்கு அனுப்பினார்.

லிங்கன் பதவியேற்றபோது அவர் ஆட்சியின் கீழ் இருக்க மாட்டேன் என்று வர்ஜீனியாவைவிட்டே வெளியேறித் தெற்கு கரோலினாவுக்குப் போனார். 1861 ஏப்ரல் 12 விடியற்காலையில் சம்டர் கோட்டைத் தாக்குதல் தொடங்கியது. முதல் குண்டு ரஃபினுடையது என்று பலரும் சொல்வார்கள். உண்மையில் 4.30 மணிக்கு ஜான்சன் கோட்டையிலிருந்து எழுந்த சமிக்ஞைக் குண்டுதான் முதலாவது. அதற்குப் பிறகு, மோரிஸ் தீவிலிருந்த கம்மிங்ஸ் பாயிண்ட் பீரங்கித் தளத்தின் முதல் குண்டைச் சுடும் கௌரவம் அவருக்குத் தரப்பட்டது. அந்தத் தளத்துப் படையினரே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அப்புறம் நடந்தது எஜமானர்கள் யாரும் எதிர்பாராதது. 1862-இல் வடக்குப் படை ரிச்மண்டை நோக்கி ஜேம்ஸ், பமங்கி ஆற்றுப் பகுதிகளுக்குள் வந்தது. ரஃபின் குடும்பத்தின் பண்ணைகளிலிருந்து அடிமைகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். மகன் வாழ்ந்த பீச்வுட்டிலிருந்து போனார்கள். மார்ல்போர்னிலிருந்தும் போனார்கள். எங்கள் ஆட்கள் திருப்தியாக இருக்கிறார்கள், விசுவாசமானவர்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியவர் இதை நாட்குறிப்பில் திகைப்போடு பதிவு செய்தார். வடக்கத்திச் சிப்பாய்களின் தூண்டுதல் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டார். சாரல் களையைப் பார்த்து மண்ணின் உள்ளே இருப்பதைச் சொல்லத் தெரிந்தவருக்கு, ஐம்பது ஆண்டுகளாக எதிரில் நின்று வேலை செய்தவர்களின் மனதில் இருந்தது தெரியவில்லை. தெரிந்துகொள்ள முயன்றதற்கான அடையாளமும் அந்த எழுத்துகளில் இல்லை.

பீச்வுட் வீட்டைச் சிப்பாய்கள் சூறையாடி, சுவரெல்லாம் வசவு எழுதிவைத்தார்கள். 1864 மேயில் மகன் ஜூலியன் போர்க்களத்தில் இறந்தார். 1865 ஜூனில், தெற்கு தோற்று இரண்டு மாதங்களுக்குப் பிறகு, வடக்கத்தியர் ஆட்சி மீதும் அந்த இனத்தின் மீதும் தன் வெறுப்பைக் கடைசி முறையாக நாட்குறிப்பில் எழுதிவிட்டு, அமீலியா கவுண்டியில் மகனுடைய பண்ணையில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரைப் புதைத்தது மார்ல்போர்னில்.

அவர் 1843-இல் அளந்து சென்ற தெற்கு கரோலினாவின் ஆஷ்லி ஆற்றங்கரையில், மார்ல் படிவங்களோடு கருநிறக் கட்டிகளும் கிடந்தன. போருக்குப் பிறகுதான் அவை பாஸ்பேட் செறிந்தவை என்று தெரியவந்தது. 1867-இல் அங்கே சுரங்கத் தொழில் தொடங்கி, சில ஆண்டுகளில் அமெரிக்க ரசாயன உரத்துக்கு முக்கிய மூலமாயிற்று. அங்கும் குழியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்தான். வேலை கடினம், கூலி குறைவு. ஆனால் முன்னாள் அடிமைகளான அந்த ஆண்கள் மேற்பார்வையின் கீழ்க் கூட்டமாக வேலை செய்ய மறுத்து, இவ்வளவு குழிக்கு இவ்வளவு கூலி என்று பேசி முடித்த பிறகே மண்வெட்டியை எடுத்தார்கள்.